பாபாவின் இனாம் விமானம்

அரபு நாடொன்றில், சலாலாவில், நான் வேலை செய்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டானா இருந்தது. அதன் நடுவில், சிமெந்துத் தூண் ஒன்றின் மேல், பழைய போர் விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, இப்போதுதான் கிளம்புவதுபோல நிற்கும். பாபாவின் கை கால் பயிற்சிக்காகக் கிழமைதோறும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகும்போதெல்லாம் பாபா டிரைவரின் தோளைத் தட்டி, “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்பார். நான் மற்றப் பக்கக் கண்ணாடி வழியாக, வீதியோரக் கடைகளில் தொங்கும் வாழைக்குலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. பக்கத்திலேயே படைமுகாமின் வாசல். டிரைவர் ராமநாதபுரத்துத் தம்பி. நல்ல பிள்ளை, வாய்தான் சும்மா இருக்காது. “பாபா, மம்னூ, நிப்பாட்டக் கூடாது பாபா. நிப்பாட்டுனா போலீஸ் வந்து என்னய ஊருக்கு அனுப்பிருவான். நீங்க வந்து என் பொண்டாட்டிக்குப் பதில் சொல்வீங்களா?” என்று அரபியும் தமிழும் கலந்து சொல்வான். பாபாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரிப்பார். சிரித்துவிட்டு, தலையைத் திருப்ப முடிந்த மட்டும் அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சாவதற்கு முன் ஒரு தடவை அதைக் கையால் தொட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்குத்தான் முதலில் தெரிந்தது; ஏனென்றால் நாள் முழுக்க அவரோடு இருந்தவள் நான்.

பாபா என்று நாங்கள் கூப்பிட்டது அந்த வீட்டுப் பெரியவரை. பாரிச வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய்ச் சக்கர நாற்காலியில் இருந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டார். மகள், எங்களுக்கு மேடம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். பாபாவைக் குளிப்பாட்டுவது டிரைவர் தம்பியின் வேலை. முகம், கை, பாதம் துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, மருந்து கொடுப்பது என்னுடையது. இடது கையின் விரல்கள் மடங்கி இறுகிக் கிடக்கும். அவற்றை மெதுவாகப் பிரித்து, நடுவே ஈரத்துணியை விட்டுத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடையில் அடிக்கடி வேர்த்துச் சிவந்திருக்கும். அந்த இடத்தைத் துடைக்கும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் கதை சொல்வார். எனக்கு விளங்குகிற மாதிரி இலேசான அரபியில், நடுநடுவே இந்திச் சொற்கள் போட்டுச் சொல்வார். என்னை “பிந்தி” என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவருக்கு மீசை அரும்பிய வயதில் இந்த நாட்டு விமானப்படையும் சின்னப் பிள்ளையாகத்தான் இருந்ததாம். ஓட்டினவர்கள் வெளிநாட்டார். பழுது பார்த்தவர்களும் வெளிநாட்டார். இந்த ஊர்ப் பையன்களுக்குக் கிடைத்தது ஏணி தூக்குகிற வேலை. தளம் மலைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில். கூடாரத்தில் படுக்கை. குடிக்கிற தண்ணீர் கொதிக்கும். அப்படி இருந்த காலத்தில் வேறொரு நாட்டு மன்னர் தன்னிடம் இருந்த போர் விமானங்களை இனாமாகக் கொடுத்தார். ஒரு நாள் பகலில், இரைந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

“காசு வாங்கலியா பாபா? சும்மாவா?” என்று டிரைவர் தம்பி கேட்டான்.

“சும்மா. ஒரு காசு இல்ல.”

“ஓட்டை வண்டியா இருக்கும். எங்க ஊர்ல ஒரு பழமொழி இருக்கு பாபா. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க.”

அதை நான் அரபியில் மாற்றிச் சொன்னேன். பாபாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “நாங்க பல்லைப் பிடிச்சுப் பாத்தோம்! எல்லாப் பல்லையும் பாத்தோம்! ரெண்டு மூணு பல்லு ஆடிச்சு, நாங்க கட்டினோம்” என்று சிரித்தார்.

“சாவிய கையில குடுத்தாங்களா?”

“போர் விமானத்துக்குச் சாவி ஏது, ஹைவான்!”

ஹைவான் என்றால் மிருகம். அவர் தம்பியை அன்பாகத் திட்டுகிற சொல் அது.

விமானத்தைக் கொண்டுவந்து விட்ட விமானிகளில் ஒருவர், திரும்பிப் போகும்போது அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்று அழுதாராம். பாபா அதைப் பல தடவை சொல்வார். “ஒட்டகத்தைக் குடுக்கிறவன் கயிற்றையும் சேர்த்துக் குடுப்பான். குடுத்த பிறகு கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பாத்துக்கொண்டு நிப்பான். அப்படி நின்னான்.” பிறகு ஊர்ப் பையன்கள் சேர்ந்து தூரிகையால் கொடுத்த நாட்டின் அடையாளத்தை அழித்து, தங்கள் நாட்டின் அடையாளத்தை வரைந்தார்களாம். அவர் வரைந்த விமானம்தான் ரவுண்டானாவில் நின்றது. வெயிலில் நிறம் வெளிறி, வாலில் பழைய அடையாளத்தின் வட்டம் மெல்லிசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. “பாத்தியா பிந்தி? அது இன்னும் அவங்களை மறக்கல” என்பார். நான் “ம்” என்பேன். நான் பார்த்ததே இல்லை.

“உங்க வேலை என்ன பாபா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“எண்ணெய் விடுறது. துடைக்கிறது. ஏணி வைக்கிறது” என்றார். நான் நம்பினேன்.

என்னைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை. நான்கு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். மேடத்துக்குத் தெரிந்தது எல்லாம், நான் இலங்கை, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், பத்தாம் வகுப்புப் படித்தவள் என்பதுதான். கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போனதை ஏஜென்சிக்காரர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விமானம் என்றால் குண்டு போட வருவது ஒன்றுதான். கிபிர் என்போம். தூரத்தில் இரைச்சல் கேட்ட உடனே ஓடிப்போய் பங்கர் குழிக்குள் இறங்க வேண்டும். ஓட நேரமில்லை என்றால் நின்ற இடத்திலேயே விழ வேண்டும்.

ஒரு நாள் காலை என் தங்கச்சி கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். மழை வரும்போல் இருந்தது. நாங்கள் எல்லோரும் குழிக்குள் இறங்கிவிட்டோம். “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு வேறு சத்தம். அவ்வளவுதான். பிறகு அந்தத் துணிகளைத்தான் நாங்கள் அவளுக்குச் சுற்றினோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகப்போகிறது?

நவம்பரில் அந்த நாட்டுத் தேசிய தினம் வரும். அதற்கு முன் விமானங்கள் பயிற்சிக்காகப் பறக்கும். முந்தின வருடங்களில் அது கடற்கரைப் பக்கமாகவே நடந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வருடம் வந்தது.

நான் முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் பாபாவுக்குப் பப்பாளி ஊட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் தம்பி கார் கழுவிக்கொண்டிருந்தான். மலைப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தட்டை எறிந்தேன். பாபாவின் இரண்டு தோளையும் பிடித்துக் கீழே இழுத்தேன். நாற்காலி சரிந்தது. அவரை மண்ணில் போட்டு அவர் மேல் கவிழ்ந்து படுத்தேன். விமானங்கள் தலைக்கு மேலே போய், கடலுக்கு மேலே போய், சத்தமும் போய்விட்டது. நான் எழும்பவில்லை.

தம்பி ஓடிவந்து என்னை விலக்கித்தான் பாபாவைத் தூக்கினான். அவருடைய முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் வளைந்திருந்தது. தாடி முழுக்க மண்.

“என்னக்கா செஞ்சீங்க! படு, படுன்னு கத்துறீங்க. கிறுக்குப் பிடிச்சிருச்சா?” பாபாவின் தாடி மண்ணைத் தட்டிக்கொண்டே கத்தினான். பாபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவனுடைய வழக்கமான வாய் திரும்பியது. “ஏரோபிளேனப் பாத்து இப்படி விழுந்தா, நாளைக்கு ஊருக்கு எதுல போவீங்க? கப்பல்லயா?”

“அது வேற சத்தம் தம்பி” என்றேன். என் பல் கிட்டிப்போயிருந்தது.

பின்னேரம் மேடம் வந்து முழங்கைக் கட்டைப் பார்த்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்று கத்தினார். “என் தகப்பனைக் கொன்று போடுவாய் நீ! என்ன நினைத்தாய்? குண்டா போட வந்தார்கள்?” நான் தலை குனிந்து நின்றேன். பாபா கட்டிலில் இருந்தபடி கையை உயர்த்தினார். “கலாஸ், போதும்” என்றார். “அவளைத் திட்டாதே. நான்தான் சரிந்து விழுந்தேன்.” மேடம் நம்பவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது பாபா சொன்னார்: “காட்டு.”

“என்ன பாபா?”

“நேற்று நீ படுத்தாயே. அது படிச்ச படுக்கை. சும்மா விழுந்த மாதிரி இல்ல. எப்படின்னு காட்டு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நான் கம்பளத்தில் குப்புறப் படுத்தேன். முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தரையில் படாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். காதைப் பொத்தினேன். வாயைத் திறந்தேன்.

“வாய் ஏன்?”

“மூடி இருந்தா காது வெடிக்கும் பாபா.”

“நெஞ்சு?”

“தரை அதிரும். நெஞ்சுல அடிக்கும்.”

“யார் சொல்லித் தந்தது?”

“பள்ளிக்கூடத்துல.”

“பள்ளிக்கூடத்துல” என்று திருப்பிச் சொன்னார். “பிள்ளைகளுக்கா?”

“ஆமா பாபா.”

எழும்பு என்று கைகாட்டினார். அன்று மதியச் சாப்பாட்டை வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கு அடுத்த காலை, நான் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “எண்ணெய் விடுறவன் இல்ல நான். முதல்ல கொஞ்ச நாள் விட்டேன். பிறகு எனக்குக் குண்டு கட்டுற வேலை தந்தாங்க. இறக்கைக்கு அடியில. இந்தக் கையாலதான்.”

நான் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்க போட்டாங்க பாபா?”

ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டினார். “அப்ப அங்க அரசாங்கத்தோட சண்டை. மேல இருந்தவங்க என் உம்மாவோட ஆக்கள். உம்மாவோட தம்பி மாடு மேய்ச்சுக்கொண்டு அங்கதான் இருந்தார். குகையிலதான் போட்டோம்னு சொன்னாங்க. நான் மேல போய்ப் பாக்கல. சண்டை முடிஞ்ச பிறகு மாமா கீழே வந்தார். அவர் கேக்கல. நான் சொல்லல. பெருநாள்ல நல்ல இறைச்சியாப் பாத்து என் பக்கம் தள்ளி வைப்பார். நான் சாப்பிடுவேன்.”

கிண்ணத்தையும் துணியையும் அப்படியே வைத்துவிட்டு நான் குசினிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தும் அதன் முன்னால் நின்றேன். தங்கச்சியைக் கொன்ற விமானத்தை ஓட்டி வந்தவனைப் பற்றி நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவனுக்குக் கண் தெரியாமல் போக வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் தரையில் நின்று குண்டைக் கட்டி விட்டவன் ஒருவன் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். கிழவனாகியிருப்பான். யாரோ ஒருத்தி அவனுக்கு விரல் துடைத்து விடுவாள்.

இடுப்பும் நாரியும் வலிக்கிறது என்று சொல்லிப் பாபாவின் கை துடைக்கிற வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். சாப்பாடு ஊட்டினேன், மருந்து கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னக்கா, பாபாகூட டூவா?” என்றான் தம்பி. “நான் துடைச்சா முறைக்கிறாரு. பிந்தி எங்க, பிந்தி எங்கன்னு கேக்குறாரு. நமக்கு அந்தச் சுண்டு விரலு பிடிபட மாட்டேங்குது. கார் கண்ணாடி துடைக்கிற மாதிரியே துடைச்சுட்டேன் போல.”

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரவுண்டானா வந்தது. பாபா தோளைத் தட்டவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, ‘என்ன ஆச்சு?’ என்று கண்ணால் கேட்டான். அன்றுதான் நான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அந்த விமானத்தைப் பார்த்தேன். வால் மட்டும்தான் தெரிந்தது. வட்டம் இருந்தது.

தை மாதக் கடைசியில் மேடம் ஒரு செய்தியோடு வந்தார். வீதியை அகலமாக்கப் போகிறார்கள், ரவுண்டானா போய்விடும், விமானத்தை இறக்கித் தலைநகருக்குக் கொண்டு போகிறார்கள். கொண்டு போவதற்கு முன், அதில் வேலை செய்த பழைய ஆட்களை முகாமுக்குக் கூப்பிட்டு ஒரு சின்ன உபசாரம். படமும் எடுப்பார்கள். மேடம் யார் யாரையோ பிடித்துப் பாபாவின் பெயரையும் சேர்த்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

“பாபா, வியாழக்கிழமை! தொட்டுப் பார்க்கலாம். தூணில் இல்லை, தரையில் இருக்கும்!”

“நான் வரல” என்றார் பாபா.

மேடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார். கடைசியில் குசினிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் சொல்லைத்தான் கேட்பார். இவ்வளவு நாளும் அதை நினைத்துக்கொண்டே இருந்தவர். இப்போது போகாவிட்டால் இனி இல்லை. நீ சொல்.”

நான் என்ன சொல்வேன்? அவர் வர மாட்டேன் என்றதற்கு நான்தான் காரணம் என்று மேடத்துக்குத் தெரியாது. என் மனதில் ஒரு பக்கம், போகாமல் கிடக்கட்டுமே என்று இருந்தது. அது உண்மை. அவர் ஆசைப்பட்டதைத் தொடாமலே போகட்டும், என் தங்கச்சி என்ன தொட்டாள் என்று இருந்தது. இரண்டு நாள் அப்படியே போனது. புதன்கிழமை காலை தம்பி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அதை வாங்கிக்கொண்டேன்.

பாபாவின் சின்ன விரல் இடுக்கு புண்ணாகியிருந்தது. தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மெதுவாகத் துடைத்து, மருந்து பூசினேன். பாபா கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் போவோம் பாபா” என்றேன். “நானும் வாறேன்.”

“உனக்குப் பயம்.”

“பயம்தான்.”

“அப்ப ஏன்?”

“நீங்க தனியாப் போக ஏலாது” என்றேன். அதுவும் உண்மைதான்.

வியாழக்கிழமை முகாமுக்குப் போனோம். தம்பியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். “அக்கா, விழுந்துறாதீங்க, தூக்க நான் இல்ல” என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. உள்ளே கூடாரப் பந்தல் போட்டு, பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் கோப்பியும் வைத்திருந்தார்கள். பாபாவைப் போல வயதான சில பேர் வந்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு, இடுப்பில் வெள்ளிக் கத்தி. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். நட்பு நாடு கொடுத்தது, நம் பிள்ளைகள் அதில் படித்தார்கள், இன்று நமக்கு எத்தனை விமானங்கள் என்றெல்லாம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பாபா தட்டவில்லை, ஒரு கையால் எப்படித் தட்டுவது?

பந்தலுக்கு அப்பால் அது நின்றது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கிட்டப் போனபோது முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா என்பதுதான். கீழே கிடந்து பார்த்தவர்களுக்கு வானம் முழுக்க அதுதான். இது எங்கள் தோட்டத்து லொறியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவே. பெயின்ட் உரிந்து, வயிற்றில் குருவி கூடு கட்டியிருந்தது. ஒரு மனிதன் அதன் பக்கத்தில் நின்றால் இறக்கை அவன் தலைமட்டத்துக்கு வந்தது.

படம் பிடிப்பவர் எல்லோரையும் மூக்கின் முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். பாபா என்னைப் பார்த்து வேறு பக்கம் காட்டினார். இறக்கைக்கு அடியில்.

தள்ளினேன். நாற்காலி உள்ளே போனது. அவர் தலைக்கு மேலே, இறக்கையின் அடிப்பக்கத்தில், துருப்பிடித்த கொக்கி ஒன்று இருந்தது. “தூக்கு” என்றார். எந்தக் கை என்று கேட்டேன். இரண்டும் என்றார். வலது கையை அவரே உயர்த்தினார். இடது கையை நான் தூக்கி, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த இரும்பில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் கையும் அதில் இருந்தது.

அப்போது அவர் பேசத் தொடங்கினார். அரபி இல்லை. அது மலைக்காரர்களின் பாஷை, அவருடைய உம்மாவின் பாஷை. காய்ச்சல் வந்தால் மட்டும் தூக்கத்தில் அதில் முனகுவார். மேடத்துக்குக்கூட அது தெரியாது. சின்னக் குரலில், நிறுத்தி நிறுத்தி, எதிரில் யாரோ இருப்பதுபோலப் பேசிக்கொண்டே போனார். ஓதினாரா, யாரையாவது கூப்பிட்டாரா, மன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. தாடி நனைந்துகொண்டிருந்தது.

“யல்லா பாபா, இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க!” என்று படம் பிடிப்பவர் கூப்பிட்டார். பாபா திரும்பவில்லை.

என் வாயிலும் தமிழ் வந்தது. “என் தங்கச்சி துணி எடுக்கத்தான் போனா பாபா. மழை வாறதுக்கு முந்தி எடுக்கப் போனா. வந்துட்டேன், வந்துட்டேன்னு சொன்னா.” அவருக்கு விளங்காது என்று தெரியும். அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ. அவர் அவருடைய பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார், நான் என்னுடைய பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்து, “பாபா அழுகிறாரா? சந்தோஷத்தில்தானே?” என்று கேட்டார். நான் “ஆமா மேடம்” என்றேன்.

காரில் ஏறிய பிறகு பார்த்தேன், அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் துரு அப்பியிருந்தது. பையில் இருந்த ஈரத்தாளை எடுத்துத் துடைத்தேன். சின்ன விரல் இடுக்கில் கையை வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரை மன்னித்தேனா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மன்னிக்க வேண்டியது நானா என்பதும் தெரியாது. துடைத்து முடிக்கும் வரை துடைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மழைப் பருவத்தில், மலை முழுக்கப் பச்சை பிடித்து மூடுபனி இறங்கிக் கிடந்த நாட்களில், பாபா இறந்துபோனார். ஆண்கள் வந்து அவரைக் கொண்டு போனார்கள். குளிப்பாட்டுவதும் அவர்கள்தான், பெண்களுக்கு அங்கே இடமில்லை. வெளியாள் என்பதால் தம்பிக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வெளியே, எலுமிச்சை மரத்தடியில், தூறலில் நின்றோம்.

“தம்பி, அந்த இடது கை...” என்றேன்.

“சொல்லிருக்கேன்க்கா” என்றான். “பெரியவர் ஒருத்தர்கிட்ட சொல்லிவிட்டேன். விரலைப் பிரிச்சு மெதுவாத் தொடைங்க, சுண்டு விரலுகிட்ட புண்ணு வரும்னு சொன்னேன். அவரு என்னய ஒரு மாதிரி பாத்தாரு. இனிமே என்னப்பா புண்ணுன்னாரு.”

நான் ஊருக்குக் கிளம்பின நாளில் தம்பிதான் விமான நிலையத்துக்குக் கொண்டு போனான். ரவுண்டானா இருந்த இடம் இப்போது நேர் வீதி. தூணும் இல்லை. எந்த இடம் என்று கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. தம்பி கொஞ்ச தூரத்துக்கு வண்டியை மெதுவாக ஓட்டினான். அங்கே யாரும் நிறுத்தச் சொல்லித் தோளைத் தட்டவில்லை.